வியாழக்கிழமைப் போத்தல்

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் ஒரு சத்தம் வந்துவிடும். டக், டக், டக். சின்னக் கண்ணாடிப் போத்தலொன்றின் அடியை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். பிறகுதான் போத்தலைப் பிடித்த கை வரும். கைக்குப் பின்னால் நீல வேலைச்சட்டை. அதற்கும் மேலே, எந்தச் சாப்பாட்டையும் முழுதாக நம்பாத இரண்டு கண்கள்.

போத்தலுக்குள் இருந்தது யாழ்ப்பாணத்துக் கறித்தூள். வெளியே ஒட்டியிருந்த தாளில் நோர்வேஜிய மொழியில் கறுவா என்று அச்சடித்திருந்தது. ஒருகாலத்தில் கறுவாத்தூள் வந்த போத்தல் அது. மூடியில் துளைகள் ஏற்கெனவே இருந்தபடியால், ஆணி தேடும் வேலை மிச்சமென்று அதையே வைத்துக்கொண்டார். சட்டையின் இடப்பக்கப் பையில், மற்றவர்கள் கண்ணாடியோ பேனையோ வைக்கிற இடத்தில், அது எப்போதும் நின்றது.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், காட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அடுக்குமாடியொன்றில் நான் மூன்றாம் தளம், அவர் நேர்கீழே இரண்டாம் தளம். நான் ஓரிடத்தில் நெடுநாள் தங்குகிறவள் இல்லை. ஒஸ்லோவில் மட்டும் எத்தனை கதவுகளின் சாவியை வாங்கித் திருப்பிக் கொடுத்திருப்பேன். எல்லாக் கதவுகளுக்கும் பின்னால் யாராவது இருந்தார்கள். ஆனால் இருந்துவிட்டுப் போன வீடுகளில், கீழ்த்தளத்தின் வாசனையையும் சேர்த்து நான் தூக்கிக்கொண்டு வந்தது அந்த ஒரு வீட்டிலிருந்துதான்.

ஒருநாள் நகரத்துக்குள், குறொன்லாண்ட் கடைத்தெருவில், காய்கறிப் பைகளோடு அவரைச் சந்தித்தேன். பெட்டிக்கடையில் சொசேஜ் வாங்கி, கிழங்கு ரொட்டியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். கடுகுக் குழம்பு அதன்மேல் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. டக், டக், டக்.

"அண்ணை, அதிலை ஏற்கெனவே கடுகு போட்டிருக்கெல்லே?"

"ஓம், போட்டிருக்கு. இவையள் சமைக்கத் தொடங்கினவை, பிள்ளை. முடிக்கேல்லை. நான் முடிச்சு வைக்கிறன்."

இதுதான் அவருடைய வேதம். உலகத்துச் சாப்பாடெல்லாம் பாதிவழியில் நிற்கிறது, மிச்ச வழிக்கு அவர் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மீன் சூப்புக்கு, முட்டை வைத்த பாண் ரொட்டிக்கு, கலியாண வீட்டுப் புரியாணிக்கும்கூட. யாராவது முறைத்தால், "உங்களுக்குப் போடேல்லையே" என்பார், அவ்வளவுதான்.

அவர் வேலைசெய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், எல்லோருக்கும் அரிசிக் கஞ்சி கொடுப்பார்களாம். பாலில் காய்ச்சிய கஞ்சி. மேலே சீனி, வெண்ணெய், கறுவா. பக்கத்திலிருந்த பெண் இவரிடமிருந்த போத்தலின் தாளைப் படித்துவிட்டு, நன்றி சொல்லி வாங்கி, தாராளமாகத் தூவியிருக்கிறார்.

"பிறகு என்ன நடந்தது அண்ணை?"

"ஒரு கிளாஸ் தண்ணி முழுக்கக் குடிச்சா அவ. கண்ணாலை தண்ணி ஓடுது. பிறகு கேட்டா, இது எந்தக் கடையிலை வாங்கினது எண்டு."

தூளை அவரே வறுப்பார். வெளியே பனி முழங்காலளவு கிடக்கும் நாளொன்றில் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து மிளகாய் வறுத்தார். புகை ஜன்னலை மதிக்கவில்லை. படிக்கட்டில் இறங்கி, மேலேயும் ஏறி, கட்டடத்தின் எச்சரிக்கை மணியைத் தட்டி எழுப்பியது. காலுறையோடும் போர்வையோடும் நாங்களெல்லோரும் பனிக்குள் நின்று தும்மினோம். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்து புதிதாக முதல் தளத்தில் குடியேறியிருந்த தம்பி ஒருவர் கையில் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்: "அண்ணா, என்ன, சாம்பார் பொடியா அரைக்கிறீங்க?"

தீயணைப்புக்காரர்கள் போன பின்பு படியேறும்போது இவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "நல்ல பெடியன். ஆனா நாக்கு இன்னும் பிறக்கேல்லை."

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மாமனார் அயர்லாந்துக்காரர்.

அவருடைய மனைவி ஒஸ்லோவில் பிறந்தவர். தாய் இந்த ஊர். தகப்பன் டப்ளினிலிருந்து கப்பலில் இரும்பு ஒட்டும் வேலைக்கு வந்து, ஒரு பெண்ணின் சிரிப்பைக் கண்டு கரையிலேயே நின்றுவிட்டவர். நான் பார்த்த காலத்தில் அந்தப் பெண் காலமாகியிருந்தார், கிழவர் பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருந்தார். அவர் பேசிய நோர்வேஜியன் இரவல் கோட்டுப்போல் கடைசிவரை தோளில் சரியாக உட்காரவில்லை. பேத்தி அவரை 'அம்மப்பா' என்று கூப்பிடுவாள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அவர் தொலைவிலிருந்தே திரும்பிப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் மாமனார் இறைச்சி தொடமாட்டார். கத்தோலிக்கர், பழைய ஒழுங்கு. வெள்ளிக்கிழமைகளில் மருமகனும் இறைச்சி, மீன் என்று எந்த மச்சமும் தொடமாட்டார். அவருக்கு அம்மன். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்த இவ்வளவு கடலுக்கும் நிலத்துக்கும் அந்த ஒரு கிழமை மட்டும் பாலமாகக் கிடந்தது. ஆகவே வியாழன் மாலைக்குள் வீட்டிலிருக்கும் இறைச்சியெல்லாம் முடியவேண்டும். அதற்கு டப்ளினில் ஒரு சாப்பாடு உண்டாம். பெயர் கொடில். சொசேஜ், பேக்கன், உருளைக்கிழங்கு, வெங்காயம், எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீரில் மெல்ல அவியவிடுவது. கிழவருக்கு உலகத்தில் அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. தானே சமைப்பார். சமைக்கும்போது யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டார்.

ஒவ்வொரு வியாழனும் மருமகன் போனார். முதல் வியாழன், சட்டைப்பையிலிருந்து போத்தலை எடுத்ததும் கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு உப்பு, மிளகுக் குப்பிகளை ஒதுக்கி நடுவில் இடம் விட்டாராம். "இனி இந்த மேசையில் மூன்று இருக்கும். உப்பு, மிளகு, மருமகன்."

மனைவி அந்த மேசைக்குப் போகவே மாட்டார். வியாழனென்றால் நீச்சலுக்குப் போய்விடுவார். சின்ன வயதிலிருந்தே அந்தச் சாப்பாட்டின்மேல் அவருக்கு அவ்வளவு வெறுப்பு. சிறுமியாக இருந்தபோது தன் கோப்பையை மேசைமேல் மெல்ல மெல்லத் தள்ளுவாராம், தகப்பனின் முழங்கையில் அது தட்டும்வரை. தகப்பன் அதையும் சாப்பிட்டுவிடுவாராம். பேத்தியோ பள்ளிக்கூடக் காலத்திலேயே இறைச்சியை விட்டவள். ஆகவே கிழவரின் கொடிலை அறிந்த வாய், கிழவருடையதைத் தவிர, இந்த நகரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் கிழவர் போய்விட்டார். இந்த நாட்டில் இறந்தவரும் தன் முறைக்குக் காத்திருக்கவேண்டும். அடக்கம் நடந்தது ஒரு வியாழக்கிழமை. திரும்பிவந்து, கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்த மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு நோர்வேஜியனில் சொன்னார்: "அப்பாவின் சாப்பாடு என்ன ருசியென்று எனக்கு ஞாபகமில்லை. முப்பது வருடம் அந்த மேசையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கவும் ஆள் இல்லை."

"நான் இருக்கிறனெல்லே," என்றார் இவர். "எட்டுக்கு வைக்கிறன். அச்சொட்டா மாமாட கொடில். நீரே சாப்பிட்டுப் பாரும்."

செத்தவீட்டின் எட்டாம் நாள், போனவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம், மச்சமோ மதுவோ, சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். எட்டு இறந்த நாளிலிருந்து வரவேண்டும். அது கடந்துவிட்டிருந்தது. "அடக்கத்திலையிருந்து எண்ணுவம். மாமா அதுக்கெல்லாம் வழக்குப் போடமாட்டார்" என்றார். அப்படி எண்ணினால் எட்டும் ஒரு வியாழனில் வந்து விழுந்தது.

அடக்கத்துக்கு மறுநாள் வெள்ளி, இறைச்சிச் சட்டி அடுப்பேறவில்லை. சனிக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டார்.

"பண்டி இறைச்சி தின்னுவாய்தானே, பிள்ளை? வா, ஒரு வாய் பார்த்துச் சொல்லு."

"நான் உங்கடை மாமாட சாப்பாட்டைக் கண்டதேயில்லை அண்ணை. என்னத்தைச் சொல்லுறது?"

"நீ சும்மா நில். சாட்சி வேணும்."

வெங்காயத்தைத் தாளித்திருந்தார். தாளிக்காமல் கை வரவில்லையாம். வெறுமையாக ஒரு வாய் வைத்தார். தலையை ஆட்டினார். "இது இல்லை." டக், டக், டக். இன்னொரு வாய். முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. "இதுதான்! பார், மாமாட கையேதான்!"

ஞாயிறு இன்னொரு சட்டி. இந்தமுறை தாளிக்கவில்லை, ஆனால் புகைபோட்ட சொசேஜ். தண்ணீர் செம்மண் வெள்ளம்போல் கலங்கிக் கிடந்தது. வெறுமையாக: "இது இல்லை." தூளோடு: "இதுதான்!"

அடக்கத்துக்கென்று துரொண்ட்ஹைமிலிருந்து வந்து நின்ற மகள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "அப்பா, நேற்றும் இதைத்தான் சொன்னீங்கள்."

"நேற்றையதும் சரிதான்."

"இரண்டும் வேறை வேறை சாப்பாடு, அப்பா. நேற்று பழுப்பு, இண்டைக்குச் சிவப்பு."

"ருசி ஒண்டுதானே."

"அது தூளின்ரை ருசி." அவள் உள்ளே வந்து போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் அம்மப்பாட கொடிலை இது போடாமல் சாப்பிட்டிருக்கிறீங்களா? ஒருக்காவாவது?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. ஏதோ ஒரு வியாழனைத் தேடுகிறவர்போல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"எத்தினை வியாழக்கிழமை, பிள்ளை," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த மனிசன் எனக்கு நேர்முன்னாலை இருந்து ஒண்டு சாப்பிட்டவர். நான் வேறை ஒண்டு சாப்பிட்டிருக்கிறன்."

அடுப்பில் சட்டி தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவிக்குச் சொன்ன வாக்கு, மனைவியோடு சேர்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

நான் எதிர்பார்த்தது, மனைவி வந்ததும் மன்னிப்புக் கேட்பார், அல்லது தூள் போட்ட சட்டியைக் காட்டி இதுதான் என்று சாதிப்பார். அவர் இரண்டையும் செய்யவில்லை. மனைவி சப்பாத்தைக் கழற்றுவதற்குள் போய் முன்னால் நின்று கேட்டார்:

"இஞ்சரும், உமக்கு அதிலை என்ன பிடிக்காது?"

"எதில்?"

"கொடிலிலை. என்ன என்னத்துக்கெல்லாம் ஓடினனீர்? ஒண்டொண்டாச் சொல்லும்."

மனைவி கொஞ்சம் யோசித்தார். முதலில் ஒரு சொல் வந்தது, பிறகு வாக்கியம், பிறகு கதவு திறந்ததுபோல் எல்லாம். அவர் நோர்வேஜியனில் சொல்லச் சொல்ல, இவர் யாழ்ப்பாணத்துத் தமிழில் குறுக்குவிசாரணை செய்தார்.

"சொசேஜ். வெள்ளை வெளேரென்று. தண்ணீரில் நெடுநேரம் கிடந்தவனின் விரல் மாதிரி."

"அப்ப பொரிக்கிறேல்லை?"

"ஒருபோதும் இல்லை. கொஞ்சம் பொரித்தாலென்ன என்று அழுவேன். டப்ளினில் பொரிக்கமாட்டார்கள் என்பார்."

"வெங்காயம்?"

"தொண்டையில் ஈரநூல்போல இறங்கும்."

"அப்ப நீட்டா வெட்டினது. கிழங்கு?"

"பாதி கரைந்திருக்கும், பாதி கரையாது. எதைக் கடிக்கப்போகிறோம் என்றே தெரியாது. பிறகு அந்த எண்ணெய் வட்டங்கள். மேலே மிதந்துகொண்டு என்னையே பார்க்கும். கடைசியில் பார்ஸ்லி இலையை அள்ளிக் கொட்டுவார். மழைக்குப் பிறகு புல்லு வெட்டிய மணம்." அவர் மூக்கைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே சிரித்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான். "மிளகு நெடி வரும். வெள்ளை மிளகு. தும்முவேன். அது ஒன்றுதான் பரவாயில்லை."

வெறுப்புக்கு இவ்வளவு கூர்மையான ஞாபகம் உண்டென்று நான் அதுவரை யோசித்ததில்லை. ருசி மறந்துபோன நாக்கு, ருசிக்காததையெல்லாம் ஒரு முடியும் உதிராமல் வைத்திருந்தது. திங்கட்கிழமை இவர் கடைக்குப் போய், மனைவி வெறுத்த ஒவ்வொன்றையும் தேடி வாங்கினார். நோர்வேஜியர்கள் நத்தாருக்குத் தின்கிற, புகைபோடாத வெளிறிய சொசேஜ்தான் அந்த விரல் என்று தெரிந்தது.

வியாழன் மாலை சாப்பாட்டு மேசையில் வாழையிலை விரித்தார்கள். கிழவரின் படம், ஒரு குத்துவிளக்கு, ஒரு கிளாஸ் கறுப்புப் பியர். நடுவில் கோப்பை. உள்ளே இருந்தது பார்க்க அழகாக இல்லை. வெளிறிய குளத்தில் வெளிறிய பொருட்கள், மேலே பச்சை. கர்ப்பூரம் கொளுத்துமுன் புகைமணிக்குக் குளியல் தொப்பியொன்றை மறக்காமல் மாட்டினார். பிறகு, போனவர் கூச்சமில்லாமல் வந்து சாப்பிடட்டுமென்று, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

சாத்துமுன் சட்டைப்பையிலிருந்து போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். "இதை நீ வைச்சிரு, பிள்ளை. பக்கத்திலை இருந்தா கை தன்ரை பாட்டிலை போயிடும்."

அது உடம்புச் சூட்டோடு இருந்தது.

"அம்மப்பா சாப்பிட்டு முடிய எவ்வளவு நேரமாகும்?" என்றாள் மகள்.

"அவர் கதைச்சுக் கதைச்சுத்தான் சாப்பிடுவார். பொறு."

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையே அப்பா, ஆரோடை கதைக்கிறது?"

"என் அப்பாவுக்கு அது ஒரு தடையே இல்லை," என்றார் தாய்.

பிறகு இவர், நிலத்தைப் பார்த்தபடி, மனைவியிடம் மெல்லக் கேட்டார்: "நான் தூள் போடுறதைப் பற்றி மாமா உம்மட்டை ஒண்டும் சொல்லேல்லையோ? மனம் நொந்திருப்பாரோ?"

"சொல்லியிருக்கிறார்," என்றார் மனைவி. "'இந்தக் குடும்பத்தில் என் சட்டியிலிருந்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவன் அவன் ஒருவன்தான். அவன் மேலே மண்ணை அள்ளிப் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை' என்றார்."

அவர் இருமினார். கர்ப்பூரப் புகை என்று சொன்னார். கதவு சாத்தியிருந்தது.

உள்ளே போனதும் படத்துக்கு முன்னிருந்த கோப்பையை மனைவியின் முன்னால் நகர்த்தி வைத்தார். மனைவி கரண்டியை எடுத்தார். சொசேஜில் ஒரு துண்டு, கொஞ்சம் வெங்காயம், அந்த வெளிறிய தண்ணீர். வாயை மூடினார். நாங்கள் மூன்று பேரும் விழுங்குவதை மறந்து நின்றோம்.

முதலில் மூக்கு சுளித்தது. பிறகு உதடு ஒருபக்கம் கோணியது. பிறகு, ஐம்பதைத் தாண்டிய அந்தப் பெண்ணின் வாயிலிருந்து, இந்த நாட்டுப் பிள்ளைகள் மருந்துக்கும் முள்ளங்கிக்கும் போடுகிற அந்தச் சத்தம் வந்தது: "எஷ்!"

"சரியில்லையோ?" அவர் மேசைமேல் குனிந்தார். "சொல்லும், எது பிழை?"

மனைவி தலையை ஆட்டினார். கண்ணீர் மூக்கின் இருபக்கமும் இறங்கியது. "ஒன்றும் பிழையில்லை. இதேதான். அப்படியே இதேதான். எனக்கு இன்னும் பிடிக்கவேயில்லை."

பிறகு ஒரு விரலால் கோப்பையின் விளிம்பைத் தொட்டு, மேசைமேல் மெல்ல மெல்லத் தள்ளினார். வாழையிலையைத் தாண்டி, பியர் கிளாஸைத் தாண்டி, தன் மனிசனின் முழங்கையில் அது தட்டும்வரை.

அவர் கோப்பையைப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது. வெறும் துணியைத் தொட்டு நின்றது. அவர் கண் என் பக்கம் வந்தது, நான் போத்தலை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

முதல் வாய்க்கு முகம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்க்குப் பிறகு, "மிளகு தெரியுது" என்றார். இன்னும் கொஞ்சம் போனபின், "பேக்கன்ரை உப்பு பிந்தித்தான் வருது. ஆனா வருது." அடிவரை போனார். கடைசிக் கிழங்கைக் கரண்டியால் ஒற்றி எடுத்தார். பிறகு படத்தை நிமிர்ந்து பார்த்து, "பாவம் மாமா, நல்லாத்தான் சமைச்சிருக்கிறார்" என்றார். சமைத்தது யார் என்று அந்த அறையில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளி விடியக் கதவு மணி அடித்தது. நீலச்சட்டை, அவசரம். "போத்தல் எங்கை, பிள்ளை? பாணுக்குச் சம்பல் உறைக்குதில்லை."

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் வேலை முடிந்து வரும்போது ஒரு மாடி கூடுதலாக ஏறிவந்து போத்தலை என்னிடம் தந்துவிட்டுப் போவார். வெள்ளி விடிய வந்து எடுப்பார். இடையில் நான் அதைத் திறந்ததேயில்லை என்று சொல்லமாட்டேன். வியாழனென்றால் கீழே கொடில் அவியும் மணம் வரும், அவர் மனைவியும் நீச்சலை விட்டுவிட்டார்.

பிறகு நான் ரொம்சோஸுக்கு மாறினேன், அங்கிருந்து வேறெங்கோ. வியாழன் இரவுகளில் அந்தப் போத்தல் இப்போது யார் வீட்டு அலுமாரியில் தங்குகிறது என்று அடிக்கடி யோசிப்பேன். கோயம்புத்தூர்த் தம்பியிடமாகக்கூட இருக்கலாம். 'சாம்பாருக்குள்ளை போட்டிடாதையும்' என்று ஒவ்வொரு கிழமையும் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவரை நினைத்தால் முதலில் டக், டக், டக் வரும் என்றேன். ஆறு நாட்களுக்கு அதுதான். வியாழனென்றால் மட்டும் வேறொன்று வரும். என் தரைக்குக் கீழே, மரமேசைமேல், ஒரு கோப்பை மெல்ல மெல்ல நகர்ந்து எதிலோ தட்டி நிற்கிற சத்தம்.